பாலடினா, ட்ரூயிடா? ஆன்லைன் கேமில் ஆல்ரவுண்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் சாலிடேர் ஆடுவோம். பிறகு கார் ரேஸ், கிரிக்கெட் என்று போவோம். இவை எல்லாம் ஆடி முடித்ததும் மூடி வைத்துவிடக்கூடியவை. நாளை மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். இழப்பு எதுவும் இல்லை.

ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம் அப்படிப்பட்டது அல்ல. இதில் நீங்கள் ஒரு கேரக்டரை உருவாக்கி, பல மாதங்கள் வளர்க்கிறீர்கள். நீங்கள் கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகும் சர்வரில் அந்த உலகம் இயங்கிக்கொண்டே இருக்கும். இன்டர்நெட் வழியாக இணைந்த ஆயிரக்கணக்கானவர்கள் அதே உலகில் இருப்பார்கள். இந்த வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட். பிளிஸ்ஸார்ட் நிறுவனம் இதை 2004 நவம்பரில் வெளியிட்டது. அந்தப் பழைய வடிவத்தையே மீண்டும் ஆட விரும்பியவர்களுக்காக 2019 ஆகஸ்டில் வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் கிளாசிக் வந்தது. இந்தக் கட்டுரை கிளாசிக்கின் 60 லெவல் வடிவத்தைப் பற்றியது.

கேமைத் தொடங்கியதும் முதல் திரையிலேயே ஒரு கேள்வி வரும்: உங்கள் கிளாஸ் எது? இதற்கு நீங்கள் தரும் பதிலைப் பின்னர் மாற்ற முடியாது. வேறு கிளாஸ் வேண்டும் என்றால் புதிய கேரக்டரை முதல் லெவலில் இருந்து வளர்க்க வேண்டும். புதியவர் ஒருவர் 60 ஆவது லெவலை எட்ட 100 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மாதச் சந்தாவும் கட்ட வேண்டும். எனவே ஓர் அரை மணி நேரம் யோசித்து முடிவு செய்வது பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

கிளாஸ் என்றால் என்ன? ஹைபிரிட் என்றால் என்ன?

கிளாஸ் என்பது உங்கள் கேரக்டரின் தொழில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாசிக்கில் மொத்தம் 9 கிளாஸ்கள் உள்ளன. ஒரு குழுவாகச் சேர்ந்து சண்டையிடும்போது மூன்று வேலைகள் இருக்கும்.

டேங்க்: எதிரியின் அடிகளைத் தன் மேல் வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் காப்பவர்.

ஹீலர்: அடிபட்டவர்களின் உயிர் அளவை மீண்டும் ஏற்றிவிடுபவர்.

டேமேஜ்: எதிரியை அடித்து வீழ்த்துபவர்.

மேஜ், ரோக் போன்றவர்களுக்கு டேமேஜ் ஒன்றுதான் வேலை. மூன்று வேலைகளையும் ஓரளவு செய்யக்கூடிய கிளாஸ்களை ஹைபிரிட் என்று அழைக்கிறார்கள். கிரிக்கெட்டில் ஆல்ரவுண்டர் மாதிரி. அலையன்ஸ் என்னும் அணியில் சேர்பவர்களுக்கு இந்த மூன்றையும் செய்யும் ஹைபிரிட் கிளாஸ்கள் இரண்டு கிடைக்கின்றன: பாலடின், ட்ரூயிட். எதிரணியான ஹோர்டில் பாலடின் கிடையாது. அதற்குப் பதில் ஷாமன் உண்டு.

ஆல்ரவுண்டரிடம் ஓர் இடைஞ்சல் உண்டு. அவரால் பேட்டும் செய்ய முடியும், பந்தும் வீச முடியும். ஆனால் இன்று எதைச் செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்பவர் கேப்டன். ஹைபிரிட் கிளாஸிலும் இதே கதைதான். தனியாக ஆடும்போது உங்கள் விருப்பம். குழுவில் சேரும்போது குழுவின் தேவை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் சரியான முடிவுக்கு வர முடியும்.

பாலடின் எப்படி ஆடும்?

பாலடின் கவசம் அணிந்த புனிதப் போர்வீரர். ஹ்யூமன், ட்வார்ப் ஆகிய இரண்டு இனங்கள் மட்டுமே பாலடின் ஆக முடியும். 40 ஆவது லெவலில் இருந்து, கேமிலேயே கனமான பிளேட் கவசத்தை அணியலாம்.

சண்டை முறை மிக எளிது. ஆயுதத்தால் எதிரியை அடிக்கத் தொடங்கினால் கேரக்டர் தானாகவே அடித்துக்கொண்டே இருக்கும். சீல் என்ற மந்திரம் அந்த அடிகளுக்குக் கூடுதல் வலு தரும். அது 30 விநாடிகள் நிற்கும். ஜட்ஜ்மென்ட் என்ற கீயை அழுத்தினால் அந்தச் சீல் எதிரி மேல் ஏவப்படும். பிறகு மீண்டும் ஒரு சீல். பெரும்பாலான சண்டைகள் இவ்வளவுதான்.

கீ போர்டில் விரல்கள் இன்னும் பழகாத புதியவர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு விநாடி தாமதமாக கீயை அழுத்தினாலும் பெரிய இழப்பு இல்லை. ஆனால் சிலருக்கு இதுவே சலிப்பைத் தரும். திரையைப் பார்த்துக்கொண்டே காத்திருக்கும் நேரம் அதிகம்.

பாலடினின் உண்மையான பலம் சாகாமல் இருப்பது. 6 ஆவது லெவலிலேயே டிவைன் புரொடக்ஷன் கிடைக்கும்; சில விநாடிகளுக்கு யாரும் உங்களைத் தொட முடியாது. 8 ஆவது லெவலில் எதிரியைச் சில விநாடிகள் செயலிழக்கச் செய்யும் ஹேமர் ஆப் ஜஸ்டிஸ். 10 ஆவது லெவலில் லே ஆன் ஹேண்ட்ஸ். உயிர் போகும் நிலையில் அதை மீண்டும் முழுமையாக ஏற்றிவிடும். ஆனால் இது மனா முழுவதையும் காலி செய்துவிடும். மறுபடி பயன்படுத்த ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். 34 ஆவது லெவலில் டிவைன் ஷீல்ட்.

குறைகளும் உண்டு. தூரத்தில் இருந்து தாக்க வழி மிகக் குறைவு. பாலடினுக்கு வில்லும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. பயந்து ஓடும் எதிரியைத் துரத்திக்கொண்டு போனால் அவன் நான்கு பேரை அழைத்து வருவான். எலும்புக்கூடு, பேய் போன்ற அன்டெட் வகை எதிரிகளிடம் நிலைமை வேறு. 20 ஆவது லெவலில் கிடைக்கும் எக்ஸார்சிசம் அவற்றைத் தூரத்தில் இருந்தே தாக்கும்.

ட்ரூயிட் எப்படி ஆடும்?

ட்ரூயிட் உருவம் மாறுபவர். அலையன்ஸில் நைட் எல்ப் இனம் மட்டுமே ட்ரூயிட் ஆகலாம். அணியக்கூடியது தோல் கவசம்தான். ஆனால் கரடியாக மாறினால் கவசத்தின் அளவு பல மடங்கு உயரும்.

உருவங்கள் படிப்படியாகக் கிடைக்கும். 10 ஆவது லெவலில் மூன்கிளேடு என்ற இடத்துக்குச் சென்று ஒரு குவெஸ்டை முடித்தால் கரடி. 16 ஆவது லெவலில் இன்னொரு குவெஸ்ட் மூலம் நீருக்குள் மூச்சுவிட்டு வேகமாக நீந்தும் உருவம். 20 ஆவது லெவலில் பூனை. உண்மையில் இது ஒரு கருஞ்சிறுத்தை போல இருக்கும். 30 ஆவது லெவலில் வேகமாக ஓடும் பயண உருவம். டேலண்ட் புள்ளிகளை பேலன்ஸ் பிரிவில் போட்டால் 40 ஆவது லெவலில் மூன்கின் என்ற ஆந்தை உருவமும் கிடைக்கும்.

இங்கே புதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உருவம் மாறும்போது திரையின் கீழே உள்ள ஆக்ஷன் பாரும் மாறிவிடும். மனித உருவில் 1 என்ற கீ ஒரு மந்திரம். கரடியில் அதே கீ ஒரு அடி. பூனையில் அது வேறொன்று. எரிபொருளும் மூன்று வகை. மனித உருவில் மனா, கரடியில் கோபத்தைக் குறிக்கும் ரேஜ், பூனையில் எனர்ஜி. எனர்ஜி 100 வரை இருக்கும்; 2 விநாடிக்கு 20 வீதம் ஏறும். பூனை அடித்து அடித்து 5 காம்போ புள்ளிகள் வரை சேர்த்து, பிறகு ஒரே பெரிய அடியாக இறக்கும்.

முதல் சில நாட்கள் இது குழப்பும். பழகிவிட்டால் இதைப் போன்ற சுதந்திரம் வேறு கிளாஸில் இல்லை. பூனையாக ஒளிந்து எதிரியின் பின்னால் போகலாம். இரண்டு எதிரிகள் சேர்ந்து வந்தால் கரடியாகலாம். உயிர் குறைந்தால் மனித உருவுக்குத் திரும்பி ஹீல் செய்துகொண்டு மீண்டும் பூனையாகலாம். பூனையாகச் சண்டையிடும்போது மனா பின்னணியில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் நேரம் மிகக் குறைவு. கால்களைக் கட்டிப்போடும் மந்திரங்களில் இருந்து உருவம் மாறியே விடுபடலாம்.

குறை என்ன? 10 லெவல் வரை உருவம் எதுவும் கிடையாது. சாதாரண மந்திரவாதி போலத்தான் ஆட வேண்டும். விலங்கு உருவில் ஹீல் செய்ய முடியாது. மருந்துப் புட்டிகளையும் குடிக்க முடியாது. ஒவ்வொரு முறை உருவம் மாறும்போதும் மனா செலவாகும். எதிரியின் கால்களைக் கட்டும் என்டாங்கிளிங் ரூட்ஸ், பயண உருவம் ஆகியவை திறந்த வெளியில் மட்டுமே வேலை செய்யும். ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டால் இவை உதவாது.

பயணமும் பணமும்

கிளாசிக்கில் நடந்தே செல்லும் நேரம் மிக அதிகம். 40 ஆவது லெவலில்தான் குதிரை போன்ற வாகனம் கிடைக்கும். அதற்கும் அதை ஓட்டும் பயிற்சிக்கும் சேர்த்துப் பெரும்பாலானவர்கள் சுமார் 100 தங்கம் செலவிட வேண்டும். அந்த லெவலில் இது பெரிய தொகை. பாலடினுக்கு 40 ஆவது லெவலில் போர்க்குதிரை இலவசமாகக் கிடைக்கும்.

ட்ரூயிட் 30 ஆவது லெவலிலேயே 40 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறார். ஆனால் 60 சதவீதம் வேகம் தரும் வாகனம் வேண்டும் என்றால் 40 ஆவது லெவலில் அவரும் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஆக, 30 முதல் 40 வரை ட்ரூயிட் முன்னால். 40 இல் பாலடினின் பணப்பை முன்னால்.

குழுவில் சேரும்போது

டெட்மைன்ஸ் போன்ற டஞ்சன்களுக்கு 5 பேர் கொண்ட குழு தேவை. பொதுவாக ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று டேமேஜ். இந்த 5 பேர் டஞ்சன்களில் இரண்டு கிளாஸ்களுமே மூன்று வேலைகளையும் செய்யலாம். கரடிக்கு எதிரியைத் தன் பக்கம் இழுக்கும் குரௌல் இருப்பதால் டேங்க் வேலை எளிது. பாலடினுக்கு அத்தகைய மந்திரம் 60 லெவல் வடிவத்தில் இல்லை. பல எதிரிகளை ஒரே நேரத்தில் தாக்கும் கான்சிகிரேஷன் மூலம் அவர் சமாளிக்க வேண்டும்.

ஹீலராகப் போனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. குழுவே இறந்துவிட்டால், உயிரோடு இருக்கும் பாலடின் சண்டை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுப்பலாம். 12 ஆவது லெவல் குவெஸ்டில் இந்த ரிடெம்ப்ஷன் மந்திரம் கிடைக்கும். ட்ரூயிடிடம் இருப்பது ரீபர்த் மட்டும். சண்டை நடக்கும்போதே ஒருவரை எழுப்பலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் அடுத்து அதைப் பயன்படுத்த 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அதனால் ட்ரூயிட் மட்டுமே ஹீலராக உள்ள குழுவில் இறந்தவர்கள் பெரும்பாலும் சுடுகாட்டில் இருந்து ஓடி வரவேண்டியிருக்கும்.

60 ஆவது லெவலுக்குப் பின் வருவது ரெய்ட். மோல்டன் கோர் போன்ற இடங்களுக்கு 40 பேர் வரை செல்கிறார்கள். இங்கேதான் கேப்டனின் குரல் ஓங்கி ஒலிக்கும்.

ரெய்டில் பாலடினுக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. காரணம் பிளெஸ்ஸிங் என்னும் ஆசி மந்திரங்கள். ஒரு பாலடின் ஒருவருக்கு ஒரு பிளெஸ்ஸிங் மட்டுமே தர முடியும். எனவே ரெய்டுக்குப் பல பாலடின்கள் தேவைப்படுகிறார்கள். பிளெஸ்ஸிங் ஆப் சால்வேஷன் இருந்தால் டேமேஜ் செய்பவர்கள் மீது எதிரியின் கோபம் 30 சதவீதம் குறையும். ஆனால் அவரிடம் கேட்கப்படும் வேலை ஹீலிங்தான். டேலண்டில் இல்லுமினேஷன் எடுத்த பாலடினுக்கு, கிரிட்டிகலாக அமையும் ஒவ்வொரு ஹீலுக்கும் செலவான மனா திரும்பக் கிடைக்கும். நீண்ட சண்டையிலும் அவர் சோர்வதில்லை. வாளோடு டேமேஜ் செய்ய விரும்பும் பாலடின், வாரியர், ரோக் ஆகியோரை விடப் பின்தங்கியே இருப்பார்.

ட்ரூயிடுக்கு ரெய்டில் இடங்கள் குறைவு. ரெஜுவனேஷன் போன்ற, சிறிது சிறிதாக உயிர் ஏற்றும் மந்திரத்தை இரண்டு ட்ரூயிட்கள் ஒரே ஆளின் மேல் போட்டால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது. இருந்தாலும் ரீபர்த்துக்காகவும், இன்னொரு ஹீலரின் மனாவை வேகமாக ஏற்றும் இன்னர்வேட் மந்திரத்துக்காகவும் சிலரைக் கட்டாயம் சேர்ப்பார்கள். கரடி நல்ல டேங்க். பல குழுக்கள் துணை டேங்காக ஏற்றுக்கொள்கின்றன. பூனையும் டேமேஜில் நன்றாகவே செய்யலாம். ஆனால் அதற்கு உழைப்பு அதிகம். நோமரிகான் டஞ்சனில் கிடைக்கும், 3 முறை மட்டுமே பயன்படும் ஒரு ஆயுதத்தைத் திரும்பத் திரும்பச் சென்று சேகரிக்கும் பூனை ட்ரூயிட்கள் உண்டு. மூன்கினுக்கு மனா சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மற்ற வீரர்களோடு மோதும் வார்சாங் கல்ச் என்ற இடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே எதிரணியின் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். பயண உருவில் ட்ரூயிட் கொடியோடு ஓடலாம். பாலடின் டிவைன் ஷீல்ட் போட்டால் கொடி கீழே விழுந்துவிடும்.

டேலண்டை மாற்றலாம், கிளாஸை மாற்ற முடியாது

10 ஆவது லெவலில் இருந்து ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு டேலண்ட் புள்ளி கிடைக்கும். 60 ஆவது லெவலில் மொத்தம் 51. பாலடினுக்கு ஹோலி, புரொடக்ஷன், ரெட்ரிபியூஷன் என மூன்று பிரிவுகள். ட்ரூயிடுக்கு பேலன்ஸ், பெரல், ரெஸ்டோரேஷன். தவறாகப் போட்டுவிட்டால் கவலை வேண்டாம். டிரெய்னரிடம் பணம் கொடுத்து மாற்றலாம். முதல் முறை 1 தங்கம், அடுத்து 5, பிறகு ஒவ்வொரு முறையும் 5 கூடி 50 வரை போகும். எனவே தனியாக வளரும்போது பாலடினுக்கு ரெட்ரிபியூஷன், ட்ரூயிடுக்கு பெரல் என்று வைத்துக்கொண்டு, 60 ஐ எட்டியபின் மாற்றிக்கொள்வது சிக்கனம்.

ஆடைகளும் ஆயுதங்களும் இப்படித்தான். ஹைபிரிட் வீரர் ஹீலிங்குக்கு ஒரு செட், சண்டைக்கு ஒரு செட் என இரண்டைச் சுமக்க வேண்டியிருக்கும். பெரிய பைகளை முதலிலேயே வாங்கிவிடுங்கள். டஞ்சனுக்குள் நுழையும் முன்பே, நான் ஹீலராக வருகிறேன், சண்டை ஆயுதம் வேறு யாருக்கும் வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். ஹைபிரிட் வீரர்கள் மேல் வரும் பெரும்பாலான சண்டைகள் இந்த ஒரு வரியைச் சொல்லாததால் வருபவை.

உங்கள் கம்ப்யூட்டரும் இணைப்பும்

கேமுக்குள் கேம் மெனு ஐகான் மேல் மவுஸைக் கொண்டு சென்றால் லேட்டன்சி எவ்வளவு மில்லி செகண்ட் என்று காட்டும். நீங்கள் அழுத்திய கீ தொலைவில் உள்ள சர்வரை அடைந்து பதில் வர ஆகும் நேரம் இது. எண் பெரிதாக இருந்தால், தானாக அடித்துக்கொண்டே இருக்கும் பாலடினுக்குப் பாதிப்பு குறைவு. எதிரியின் முதுகுப் பக்கம் நின்று நேரம் பார்த்து அடிக்க வேண்டிய பூனைக்குப் பாதிப்பு அதிகம்.

ட்ரூயிட் எடுப்பவர்கள் எஸ்கேப் கீயை அழுத்தி, ஆப்ஷன்ஸ் பிரிவில் கூடுதல் ஆக்ஷன் பார்களைத் திறந்து வைத்துக்கொள்ளவும். மூன்று உருவங்களிலும் ஒரே மாதிரியான செயலை ஒரே கீயில் வைக்கவும். எடுத்துக்காட்டாக, 1 இல் எப்போதும் முக்கியத் தாக்குதல். விரல்கள் தாமே பழகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. தங்கம் விற்கிறோம், உங்கள் லெவலை ஏற்றித் தருகிறோம் என்று கேமுக்குள் செய்தி வரும். பணம் கொடுத்துத் தங்கம் வாங்குவது விதிமீறல், அக்கவுண்ட்டே முடக்கப்படலாம். பாஸ்வேர்டை யாரிடமும் தரவேண்டாம். பேட்டில்.நெட் தரும் அதென்டிகேட்டர் வசதியை முதல் நாளே இயக்கி வைக்கவும்.

யாருக்கு எது?

பாலடின் எடுக்கலாம்: கீ போர்டு இன்னும் பழகாதவர்கள், இணைப்பு மெதுவாக உள்ளவர்கள், அடிக்கடி செத்துச் செத்து எழ விரும்பாதவர்கள், மற்றவர்களுக்கு உதவி செய்வதில் மகிழ்பவர்கள், 60 க்குப் பின் ரெய்டில் உறுதியான இடம் வேண்டும், ஹீலிங் சம்மதம் என்பவர்கள்.

ட்ரூயிட் எடுக்கலாம்: பெரும்பாலும் தனியாக ஆடுபவர்கள், ஒரே மாதிரி ஆடினால் சலித்துப்போகிறவர்கள், டேங்க் ஆக ஆசை உள்ளவர்கள், மற்ற வீரர்களோடு மோதும் போட்டிகளை விரும்புபவர்கள், முதல் 20 லெவல் பொறுமையாகக் கற்றுக்கொள்ளத் தயாரானவர்கள்.

இரண்டும் வேண்டாம்: ஹீலிங் செய்யவே பிடிக்காது, டேமேஜ் பட்டியலில் முதலிடம்தான் வேண்டும் என்பவர்கள். இவர்களுக்கு வாரியர், ரோக், மேஜ் பொருத்தம். ஹைபிரிட் எடுத்துவிட்டு, என்னை ஏன் ஹீல் செய்யச் சொல்கிறீர்கள் என்று குழுவோடு சண்டையிடுவதில் பயன் இல்லை.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லையா? ஒரே சந்தாவில் பல கேரக்டர்களை வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் 20 லெவல் வரை ஆடிப் பாருங்கள். 60 வரை போகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது சிறு பகுதிதான். 20 இல் ட்ரூயிடுக்குப் பூனை உருவம் வந்திருக்கும். பாலடினுக்கு வெரிகன்ஸ் பிஸ்ட் என்ற இரு கைச் சம்மட்டிக்கான குவெஸ்ட் கிடைக்கும். இரண்டின் உண்மையான குணமும் அப்போது தெரிந்துவிடும். இரண்டிலும் ஒரு டஞ்சனுக்காவது ஹீலராகப் போய் வாருங்கள். மறுநாள் மாலை கம்ப்யூட்டரை இயக்கியதும் உங்கள் மவுஸ் எந்தக் கேரக்டரின் பெயர் மேல் முதலில் போகிறதோ, அதுவே உங்கள் கிளாஸ்.

கடைசியாக ஒரு குறிப்பு. 2023 நவம்பரில் வந்த சீசன் ஆப் டிஸ்கவரி போன்ற வடிவங்களில் கிளாஸ்களின் திறமைகள் பெரிதும் மாற்றப்பட்டன. 2007 ஜனவரியில் வெளியான பர்னிங் குருசேட் தொகுப்பிலும் பாலடினுக்கு எதிரியை இழுக்கும் மந்திரம் தரப்பட்டது. ஹோர்ட் அணிக்கும் பாலடின் கிடைத்தது. நீங்கள் சேரும் சர்வர் எந்த வடிவம் என்று பார்த்துக்கொண்டு பிறகு கேரக்டரை உருவாக்கவும்.